கற்பனை உலகின் தெய்வங்களுக்குத் துறை பிரிப்பது எப்படி?

புதிதாகக் கற்பனை உலகம் படைக்க உட்காருபவர்கள் தெய்வங்களுக்கான பக்கத்தைப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நிரப்புகிறார்கள். நெருப்புக்கு ஒருவர், நீருக்கு ஒருத்தி, பிறகு காற்று, மண், போர், மரணம், போனால் போகிறதென்று காதலுக்கும் ஒருத்தி. பத்து நிமிடத்தில் பட்டியல் தயார். பெயர்களும் கம்பீரமாகவே இருக்கும். ஆனால் கதை நகரத் தொடங்கியதும் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. நெருப்புத் தெய்வத்தின் கோயிலுக்கு யார் போவார்கள், எதற்குப் போவார்கள், போகாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று எவரும் கேட்டுப் பார்க்கவில்லை.

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் என் வழி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் ஆட்டங்களை நடத்தப் போகிறவர்களையும், கற்பனைக் கதை எழுதத் தொடங்குபவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒரு தெய்வத்துக்கு உரிய பகுதியை ஆட்டக்காரர்கள் டொமைன் என்பார்கள்; அதை இங்கே துறை என்கிறேன்.

விதிநூல் என்ன செய்து வைத்திருக்கிறது?

ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து ஆடும் மேசை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. பூசாரிப் பாத்திரமான கிளெரிக்கின் மந்திரங்களைத் தெய்வத்துக்குத் தக்கபடி பிரிக்கும் வேலை 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் விரிவாக நடந்தது. ‘ஸ்பியர்’ என்ற பெயரில் 16 பிரிவுகள். ஒரு தெய்வத்துக்குச் சில பிரிவுகளில் முழு உரிமை, சிலவற்றில் குறை உரிமை. குறை உரிமை என்றால் மூன்றாம் நிலை மந்திரங்களோடு சரி. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பின் அடிப்படை நூலில் 22 டொமைன்கள். தன் தெய்வத்துக்கு உரியவற்றில் இரண்டைப் பூசாரி எடுத்துக்கொள்வார். 2014இல் அது ஏழாகச் சுருங்கியது: அறிவு, உயிர், ஒளி, இயற்கை, புயல், சூது, போர். 2024 நூலில் உயிர், ஒளி, சூது, போர் என்று நான்குதான்.

22இலிருந்து எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்ததால் தெய்வங்களுக்கு வேலை குறைந்துவிட்டது என்று பொருளில்லை. விதிநூலின் துறை ஆட்டக்காரரின் வசதிக்காக இருக்கிறது. புதிதாக வருபவர் அரை மணி நேரத்தில் ஒரு பாத்திரம் செய்துவிட வேண்டும். 22 பட்டியல்களை அவர் முன்னால் விரித்தால் எழுந்து போய்விடுவார். உலகத்தின் துறை அந்த உலகில் வாழ்பவர்களுக்காக இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதில்தான் புதியவர்களின் குழப்பத்தில் பாதி தொடங்குகிறது.

மரணத் துறையைப் பாருங்கள். 2014 பதிப்பில் அது ஆட்டக்காரர் நூலிலேயே இல்லை. ஆட்டம் நடத்துபவருக்கான நூலில், வில்லன்களுக்கு உரிய தெரிவாக வைத்திருந்தார்கள். பிணத்தை எழுப்பி நடக்கவைக்கும் மந்திரவாதியை நினைத்தால் அது சரிதான். ஆனால் எந்த ஊரிலும் சாவு விழாத மாதம் உண்டா? இறந்தவரை முறையாக வழியனுப்பும் பூசாரி ஒவ்வொரு ஊருக்கும் வேண்டுமே! அந்த இடத்தை நிரப்பும் கல்லறைத் துறை 2017இல் ஒரு துணைநூலில்தான் வந்து சேர்ந்தது.

இந்த ஆட்டத்தின் புகழ்பெற்ற உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், மூன்றாம் பதிப்புக் காலத்தில் இதை அழகாகக் கையாண்டது. ஒவ்வொரு தெய்வத்தின் பெயருக்குக் கீழும் இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்கும். ஒன்று போர்ட்ஃபோலியோ, அந்தத் தெய்வம் எதற்கெல்லாம் பொறுப்பு என்பது. மற்றது டொமைன், அதன் பூசாரிக்கு என்ன கிடைக்கும் என்பது. நீங்களும் அப்படியே இரண்டு வரியாக எழுதுங்கள்; பொறுப்பு முதலில், விதி பிறகு. வரிசை மாறினால் பழைய பத்து நிமிடப் பட்டியலுக்கே திரும்பிவிடுவீர்கள்.

படி 1: தெய்வத்தை விட்டுவிட்டு ஊரை எழுதுங்கள்

முழு உலகத்தையும் எடுக்க வேண்டாம். ஒரே ஒரு நிலப்பகுதி போதும். உதாரணத்துக்கு நான் ஒன்றை வைத்துக்கொள்கிறேன்: வண்டல்நாடு. பெரிய ஆறு ஒன்று கடலில் கலக்கும் கழிமுகம். ஆண்டுக்கொருமுறை வெள்ளம் வரும், வயலில் வண்டல் படியும். பாலம் கிடையாது, எல்லாம் ஓடம்தான். கடற்கரை ஓரம் உப்பளங்கள்.

இந்த மக்கள் எதற்கெல்லாம் கைகூப்புவார்கள்? வெள்ளம் அளவாக வர வேண்டும். ஓடம் கவிழக் கூடாது. வெள்ளம் வடிந்ததும் எல்லைக்கல் எங்கே என்று தெரியாமல் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளக் கூடாது. விதைப்புக்கு வாங்கிய கடன் அடைபட வேண்டும். மழைக்குப் பிறகு வரும் காய்ச்சலிலிருந்து பிள்ளைகள் பிழைக்க வேண்டும். மேலூரில் முழுகியவரின் உடல் மிதந்துவந்து ஒதுங்கினால் அதற்கு யார் காரியம் செய்வது? உப்பு விளையும் நேரத்தில் மழை பெய்துவிடக் கூடாது. பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும்.

இருபது வரி வரும்வரை எழுதுங்கள். பெரிய சொற்களைத் தவிருங்கள். ‘நீதி’ என்று எழுதாமல் ‘எல்லைக்கல்’ என்று எழுதுங்கள். பழைய ரோமானியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். கோதுமைப் பயிரில் விழும் துரு நோய்க்கென்றே ரோபிகஸ் என்றொரு தெய்வம் வைத்து, ஏப்ரல் 25 அன்று அதற்கு விழா எடுத்தார்கள். விவசாயத் தெய்வம் என்று பொதுவாக ஒன்றைச் சொன்னால் தோன்றாத பயம், துரு நோய்க்கு ஒரு தெய்வம் என்றதும் தோன்றுகிறது.

படி 2: எந்தக் கவலையோடு எந்தக் கவலை சேரும்?

இருபது கவலைகளுக்கு இருபது தெய்வங்கள் வேண்டாம். சேர்க்க வேண்டும். பொருளகராதியை வைத்துச் சேர்த்தால் நீர் சார்ந்ததெல்லாம் ஒரு பக்கம், நிலம் சார்ந்ததெல்லாம் ஒரு பக்கம் என்று போய்விடும். மக்கள் அப்படிச் சேர்ப்பதில்லை. நமக்கு மாரியம்மனைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. அம்மை போடுபவளும் அவள், இறக்குபவளும் அவள், மழைக்கு வேண்டுவதும் அவளிடமே. நோய்த் தெய்வம், மருத்துவத் தெய்வம், வானிலைத் தெய்வம் என்று மூன்று பெட்டி போட்டால் அவளை எதில் வைப்பது? கோடையின் உச்சத்தில் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் எழும் கவலை என்று பார்த்தால் மூன்றும் ஒன்றே.

கிரேக்கத்தில் அப்போலோ கொள்ளைநோயை அம்பாக எய்பவர், நோய் தீர்ப்பவரும் அவரே. எகிப்தின் செக்மெட்டும் அப்படித்தான். பொசைடனிடம் கடல், நிலநடுக்கம், குதிரை மூன்றும் இருந்தன. கொடுப்பவரே எடுப்பவராக இருக்கும்போது தெய்வத்துக்கு எடை கூடுகிறது. நல்ல தெய்வம், கெட்ட தெய்வம் என்று இரண்டு பத்தி போட்டுப் பிரிப்பவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

வண்டல்நாட்டுக்கு வருவோம். வெள்ளம், வண்டல், எல்லைத் தகராறு மூன்றையும் நான் ஒருவரிடம் கொடுப்பேன்: வண்டலப்பன். எல்லையை அழிப்பவர் அவர். ஆகவே மறுபடி அளக்கும்போது சாட்சிக்கு அழைக்கப்படுபவரும் அவராகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் அவருடைய பூசாரிகள் யார்? நில அளவைக்காரர்கள். அவர்கள் கையில் சூலம் இருக்காது, அளவுகோல் இருக்கும். வெள்ளத் தெய்வம் என்று தொடங்கியவர் வழக்குமன்றத்துக்கு வந்துவிட்டார். இப்படி ஒரு திருப்பம் கிடைக்கும்வரை சேர்த்துச் சேர்த்துப் பாருங்கள்.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். ஓடத்தாள்: கடப்பவர்களைக் காப்பவள், பிரசவத்துக்கும் அவள்தான், அதுவும் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு வருவதுதானே. கணக்கன்: கடன், வாக்கு, உப்பு எடை. பேரிலி: மிதந்துவரும் உடல்கள், அநாதைப் பிள்ளைகள், ஊரைவிட்டு ஓடி வந்தவர்கள். பெயர் தெரியாதவர்களுக்கான தெய்வம் என்பதால் அதற்கும் பெயரில்லை.

படி 3: ஒரு வரிச் சோதனை

ஒவ்வொரு தெய்வத்துக்கும் இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: யார், எப்போது, எதைக் கொண்டுவந்து, என்ன கேட்பார்?

‘வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், பக்கத்து வயல்காரர்கள் இருவரும் தத்தம் வயலிலிருந்து ஒரு பிடி சேறு எடுத்துவந்து வண்டலப்பன் முன் வைத்து, கோல் போடச் சொல்லிக் கேட்பார்கள்.’ இது தேறியது. ‘மக்கள் ஒளியின் தெய்வத்தை வணங்கி ஞானம் பெறுவார்கள்.’ இது தேறவில்லை. மக்கள் என்றால் யார்? ஞானம் கிடைத்து என்ன செய்யப் போகிறார்கள்?

தேறாத தெய்வத்தைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பெயர் மேல் ஆசை இருந்தால் ஏதாவது ஒரு பாழடைந்த கோயில் சுவரில் அதைப் பொறித்து வையுங்கள், மறக்கப்பட்ட தெய்வமாக அங்கே இருக்கட்டும்.

இந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரியவரும். எல்லா வழிபாடும் அன்பினால் நடப்பதில்லை. ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் அம்பர்லீ என்றொரு கடல் தெய்வம். மாலுமிகள் அவளுக்குக் காணிக்கை போடுவது அவளைப் பிடித்துப்போய் அல்ல. போடாவிட்டால் மூழ்கடித்துவிடுவாள் என்ற பயத்தால். அவளைக் கெட்ட தெய்வம் என்று ஒதுக்கிவிட்டு எந்தத் துறைமுகத்திலும் பிழைக்க முடியாது.

படி 4: எல்லைகள் உரசட்டும்

துறைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டால் புதியவர்கள் பதறிப்போய்ச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். வேண்டாம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். கிரேக்கர்களுக்குப் போருக்கு ஏரிஸும் உண்டு, அதீனாவும் உண்டு. ஏரிஸ் வெட்டும் குத்துமான வெறி. அதீனா வியூகம், நகரக் காவல், கூடவே நெசவு. ஒரே போருக்குப் போகும் இரண்டு வீரர்கள் வேறு வேறு தெய்வத்தை வேண்டிக்கொண்டு போனார்கள் என்றால், அந்த இருவரின் குணமும் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

உரசலைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரு விபத்தை எழுதிவிட்டு, பழி யார் தலையில் என்று கேளுங்கள். வண்டல்நாட்டில் வெள்ளக் காலத்தில் ஓடம் கவிழ்ந்து ஒரு கர்ப்பிணி இறக்கிறாள். உடல் கீழூரில் ஒதுங்குகிறது. யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. வெள்ளம் வண்டலப்பனுடையது, ஓடமும் பிரசவமும் ஓடத்தாளுடையவை, பெயர் தெரியாத உடல் பேரிலியுடையது. அவளுடைய ஊர்க்காரர்கள் தேடிவந்து பெயரைச் சொன்னதும் பேரிலியின் உரிமை அறுந்துபோகிறதா? பேரிலியின் பூசாரி உடலைக் கொடுக்க மறுத்தால்? அவள் வாங்கியிருந்த கடன் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டு கணக்கன் கோயிலிலிருந்து ஒருவர் வந்து நிற்கிறார். ஒரு மாலை ஆட்டத்துக்கு இது தாராளமாகப் போதும், அரக்கனே வேண்டாம்.

எல்லா உரசலுக்கும் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவைக்காதீர்கள். ஆட்டக்காரர்கள் தீர்க்கட்டும்.

படி 5: ஆளில்லாத துறையும் பொதுவான துறையும்

கிரேக்கப் புராணத்தில் மூன்று சகோதரர்கள் சீட்டுப் போட்டு உலகைப் பிரித்துக்கொண்டார்கள். சீயுஸுக்கு வானம், பொசைடனுக்குக் கடல், ஹேடிஸுக்குக் கீழுலகம். நிலமும் ஒலிம்பஸ் மலையும் மூவருக்கும் பொது. அந்தப் பொது இடத்தில்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

தொல்காப்பியமும் நிலத்தை வைத்தே பிரிக்கிறது. காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன். அந்த நூற்பாவில் பாலைக்குத் தெய்வம் இல்லை. பின்னால் கொற்றவை அந்த இடத்துக்கு வந்தாள். நிலவாரியாகத் தெய்வங்களைப் பிரிக்க விரும்பும் தமிழ் எழுத்தாளருக்கு இது கையில் இருக்கும் மாதிரி. ஆனால் அப்படியே நகலெடுக்காமல், அந்த வெற்றிடத்தைக் கவனியுங்கள். நீரற்றுப் போன, வழிப்பறி நடக்கிற நிலத்தில் யாரை வேண்டுவது? அந்த இடத்துக்கு வரும் தெய்வம் மற்ற நான்கையும் போல இருக்க முடியாது.

வண்டல்நாட்டில் நான் உப்பளத்தைக் காலியாக விடுவேன். உப்பின் எடை கணக்கனுக்கு, ஆனால் உப்பு விளைவதற்கு யாருமில்லை. நல்ல தண்ணீரைக் கெடுக்கும் இடம் என்று ஆற்றுத் தெய்வங்கள் அங்கே கால் வைப்பதில்லை. உப்பளத் தொழிலாளர்கள் எந்தப் பூசாரியின் ஆசியும் இல்லாமல் பிழைப்பவர்கள். அவர்களிடம் நாளை ஒரு புதுத் தெய்வம் வந்து சேரலாம், அல்லது தெய்வம் என்று சொல்லிக்கொண்டு வேறு ஏதாவது வரலாம்.

படி 6: எத்தனை பேர், யார் பெரியவர்?

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஐந்து முதல் எட்டுத் தெய்வங்கள் போதும். மெசபடோமியாவில் ஆன்=அனும் என்ற தெய்வப் பட்டியல் ஏழு களிமண் பலகைகளில், சுமார் 2000 பெயர்களோடு இருக்கிறது. பெரிய தெய்வம், அதன் துணை, பிள்ளைகள், அமைச்சர், ஏவலாட்கள் என்று அரண்மனை மாதிரி அடுக்கியிருப்பார்கள். படிக்க சுவாரசியம். மேசைக்கு ஆகாது. ரோமில் ஒரு கதவுக்கே மூன்று பேர்: கதவுக்கு ஃபோர்குலஸ், கீலுக்குக் கார்டியா, வாசற்படிக்கு லிமென்டினஸ். ஒரு வீட்டுக்கு ஒரு வாயிற்காவலன் போதுமே, இவர்களுக்கு மூன்று தெய்வமா என்று கி.பி. 5ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் கேலி செய்தார். சின்னத் தெய்வங்களை இப்போதே எழுதிவைக்காமல், ஆட்டத்தில் ஒரு கதவு முக்கியமாகும்போது கீலுக்கு ஒரு தெய்வத்தைப் பிறக்கச் செய்யுங்கள்.

படி 7: இப்போது விதியைப் பொருத்துங்கள்

கதை மட்டும் எழுதுபவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

ஒவ்வொரு தெய்வத்துக்கும் விதிநூலிலிருந்து அதிகபட்சம் இரண்டு துறைகள். வண்டலப்பனுக்கு இயற்கையும் அறிவும். ஓடத்தாளுக்கு உயிரும் புயலும். கணக்கனுக்கு அறிவும் சூதும். கடன் கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் ஒரே தெய்வம் என்றால் சூது இல்லாமல் எப்படி? பேரிலிக்குக் கல்லறைத் துறை.

பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டை ஆடியவர்களுக்குத் தெரிந்திருக்கும், அதில் தெய்வத்தையும் துறையையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளும் தெய்வமான இல்மாட்டரின் பூசாரியாக இருந்துகொண்டே சூதுத் துறையை எடுக்க முடியும். கணினி விளையாட்டில் அது பரவாயில்லை. மேசையில் ஒருவர் அப்படிக் கேட்டால் மறுக்க வேண்டாம். ‘உன் கோயிலில் உன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள்?’ என்று கேளுங்கள். பதிலிலேயே ஒரு பாத்திரம் உருவாகிவிடும்.

துறையோடு ஒரு கடமையும் ஒரு விலக்கும் சேருங்கள். வண்டலப்பனின் பூசாரி யார் கேட்டாலும் அளந்து கொடுக்க வேண்டும், கூலி வாங்கலாம். ஆனால் தன் பெயரில் நிலம் வைத்திருக்கக் கூடாது. ஓடத்தாளின் பூசாரி கரையில் நிற்பவரை விட்டுப்போகக் கூடாது, துரத்திவரும் எதிரியாக இருந்தாலும். விலக்கு ஆட்டத்தில் அடிக்கடி குறுக்கே வர வேண்டும். ‘அமாவாசையில் பூசணி சாப்பிடக் கூடாது’ என்ற வகையில் ஒன்றைப் போட்டால் இரண்டாம் வாரமே மறந்துவிடும்.

படி 8: துறை கைமாறும்

சுமேரியரின் கதை ஒன்றில் எரிது நகரத்துத் தெய்வமான என்கியிடம் ‘மெ’ என்பவை இருக்கின்றன. அரசுரிமை, தச்சு, கொல்லுவேலை, எழுத்து, வஞ்சகம் என்று நாகரிகத்தின் கூறுகள் அனைத்தும் அதில் அடக்கம். குடிபோதையில் அவர் அவற்றை இனானா என்ற பெண் தெய்வத்துக்குக் கொடுத்துவிட, அவள் படகில் ஏற்றிக்கொண்டு தன் நகரமான உருக்குக்குப் போய்விடுகிறாள். போதை தெளிந்து ஆளனுப்பியும் திரும்பக் கிடைக்கவில்லை. ஃபர்காட்டன் ரெல்ம்ஸிலும் இறந்தவர்களின் பொறுப்பு மிர்குலிடமிருந்து சிரிக்குக்கும், அவரிடமிருந்து கெலம்வோருக்கும் போனது. மூவருமே மனிதர்களாகப் பிறந்தவர்கள்.

உங்கள் உலகில் இதைப் பெரிய போரோடு தொடங்க வேண்டியதில்லை. வண்டல்நாட்டு அரசர் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுகிறார் என்று வையுங்கள். ஓடத்தாளுக்கு இனி என்ன வேலை? பாலத்தையும் கடப்புதான் என்று சொல்லி அவள் ஏற்றுக்கொள்ளலாம். வண்டலப்பனின் அளவைக்காரர்கள் கட்டியது என்பதால் அவர் உரிமை கொண்டாடலாம். கடன் வாங்கிக் கட்டியது என்பதால் கணக்கன் சுங்கம் கேட்கலாம். அல்லது பிரசவங்கள் தவறத் தொடங்கலாம், ஏனென்று மருத்துவச்சிகளுக்கு மட்டும் தெரியலாம்.

மேசைக்கு எடுத்துப்போக

ஆட்டக்காரர்களிடம் கொடுப்பது ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தெய்வத்தின் பெயர், ஒரு வரிச் சோதனையில் தேறிய அந்த வாக்கியம், விதித் துறை இரண்டு, கடமை, விலக்கு. தெய்வத்துக்கு ஐந்து வரி. வம்சாவளி, படைப்புக் கதை, உரசல்கள், காலி இடங்கள் எல்லாம் உங்கள் நோட்டில் இருக்கட்டும். கிளெரிக் ஆடப்போகிறவரிடம் மட்டும் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: உன் தெய்வத்தின் துறைக்குள் எந்த வேண்டுதல் உனக்கே பலிக்காமல் போனது? மற்றவர்களிடம், வீட்டில் எந்தத் தெய்வத்துக்கு விளக்கேற்றுவார்கள் என்று கேட்டால் போதும். வீரன், திருடன், மந்திரவாதி யாராக இருந்தாலும் அவர்களுக்கும் ஓடம் ஏற வேண்டிய நாள் வரும்.